வீடு தெரிந்த நாலு பேர்

சோஹார்
06.04.2025

மரியராஜுக்கு வல்லிபுரம் எழுதுவிப்பது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்ல, இங்கே என் அரபு முதலாளி கபீல் வீட்டில் சமைக்கிற கஜந்தி எழுதுகிறாள். ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது என்று சொல்லித்தான் தொடங்கியிருக்கிறேன். உமது ஃபோனை நான் எடுக்காதது காது மந்தத்தால் அல்ல. ஃபோனில் கேட்டால் நீர் சிரித்து மழுப்பிவிடுவீர். தாளில் கேட்டால் தாளில் பதில் வரவேண்டும். துபாய்க்கும் சோஹாருக்கும் மரக்கறி லொறி ஓட்டுகிற வீரபாண்டியிடம் கொடுத்துவிடுகிறேன். உறையின் வாயில் கஜந்தி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கிழிந்து ஒட்டியிருந்தால் அறிவியும்.

நெஸ்டரைச் சுட்டு இன்றைக்குப் பதினெட்டு நாள். காலை ஏழரைக்குப் படலையைத் திறந்து வெளியே வந்தவனை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் சுட்டுவிட்டுப் போனார்கள். பிலிப்பைன்சில் கலாந்தோக்கின் துணை மேயர். மே மாதம் மேயர் தேர்தலுக்கு நிற்க இருந்தவன். முப்பது வருஷமாக அந்த ஊரை ஆளுகிற குடும்பம் ஆற்று மணலை அள்ளுவதை நிறுத்துவேன் என்று சொன்னவன். ஆகவே சுட்டது யாருடைய ஆட்கள் என்று நான் உம்மிடம் கேட்கவில்லை. அது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் கேட்பது இது: அந்த வீட்டை அவர்களுக்குக் காட்டியது யார்?

அது அவனுடைய வீடு அல்ல. மனைவி லிகாயாவின் இறந்துபோன சின்னம்மா வீடு. இரண்டு ஊர் தள்ளித் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிறது. தைப்பொங்கலன்று ஃபோன் எடுத்து எனக்குச் சொன்னான். எங்கள் கேம்ப் இந்தியில்தான் கதைத்தான். "தத்தாய், வீட்டிலே படுக்க முடியேல்லை. இடம் மாறிட்டன். லிகாயாவுக்குத் தெரியும், டிரைவர் டொமெங்குக்குத் தெரியும். உனக்குச் சொல்றன். உனக்கு எழுதத் தெரியாது, அதுதான் நல்லது. உன்ரை தலைக்குள்ளை இருக்கிறதை ஒருத்தனும் எடுத்து வாசிக்கேலாது." தத்தாய் என்றால் அவர்கள் பாஷையில் அப்பா. பிறகு, மரியோவுக்கும் சொல்லவேண்டும் என்றான். மரியோ நீர்.

நாலு பேர். லிகாயா புருஷனைக் கொல்லமாட்டாள். நான் கொல்லமாட்டேன். மிச்சம் இரண்டு பேர்.

உம்மை ஏன் முதலில் நினைத்தேன் என்று கேட்பீர். 2011 ஆவணி. துபாய் சோனாப்பூர் கேம்பில் இரண்டு நாள் தண்ணீர் பவுசர் வரவில்லை. நான் மெஸ்ஸில் அரிசி கழுவத் தண்ணீர் இல்லாமல் நிற்கிறேன். கேம்ப் எலக்ட்ரீஷியன் நெஸ்டர் வந்து எல்லாருக்கும் சொன்னான்: "சத்தம் போடவேண்டாம், வேலையை நிறுத்தவேண்டாம். உங்கள் உங்கள் வெறும் வாளியை மட்டும் மேனேஜர் ஒஃபீஸ் வாசலில் வைத்துவிட்டு பஸ் ஏறுங்கள்." அறுநூற்று நாற்பது வாளி. மேனேஜரின் கார் அசைய வழியில்லை. மத்தியானம் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் நெஸ்டரின் விசா கான்சல். யாரோ பெயர் சொல்லியிருக்கிறான். உமது வாளி நீலம். ஒரு பக்கக் கைப்பிடி உடைந்து கட்டுக்கம்பி போட்டது. நான் வரிசை வரிசையாகப் பார்த்தேன். அது அங்கே இருக்கவில்லை.

அதைப் பதினாலு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன். இப்போது கஜந்தியின் ஃபோனில் ஒரு படம் பார்த்தேன். பிப்ரவரியில் எடுத்தது. துபாயில் பிலிப்பினோக்களின் கூடைப்பந்துப் போட்டி. கலாந்தோக்கை ஆளுகிற அந்தக் குடும்பத்து மேயரின் மருமகன் ஒருவன் உமது தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறான். நீர் பல் தெரியச் சிரிக்கிறீர்.

பதில் தாரும்.

வல்லிபுரம்


பர் துபாய்
18.04.2025, பெரிய வெள்ளி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இருக்கட்டும். உறை கிழியவில்லை. வீரபாண்டி அதைக் கையில் தந்தபோது, "என்னண்ணே, கோர்ட்டு சம்மனா? பெரியவர் இதை மூணு தடவ திருப்பிப் பாத்துக் குடுத்தாரு" என்று சிரித்தான். வாசித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தில் என்னோடு நிற்கிறவன் நான் ஏசி பார்க்கிற கட்டிடத்தில் நாலாம் மாடியில் குடியிருக்கிறான். என் ரூமில் ஆறு பேரில் நாலு பேர் பிலிப்பினோக்கள். மேட்சுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். யாரோ படம் எடுத்தார்கள், யாரோ கை போட்டான். அவன் யாருடைய மருமகன் என்று எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் நம்பமாட்டீர்கள். நீங்கள் உப்பு இருக்கிற டப்பாவையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குழம்பில் போடுகிற ஆள்.

வீட்டைப் பற்றி: நெஸ்டர் குயா, அவர்கள் பாஷையில் அண்ணன் என்றுதானே நான் கூப்பிடுவேன், எனக்குச் சொல்லவே இல்லை. சொல்லவேண்டும் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். பிப்ரவரியில் கூப்பிட்டபோது, "இடம் மாறிவிட்டேன், எங்கே என்று கேட்காதே மரியோ, உன் ரூமில் காது அதிகம்" என்றார். நான் கேட்கவில்லை. நாலு பேர் என்று எண்ணியிருக்கிறீர்கள் அண்ணாச்சி. உங்கள் கணக்கில் நான் இல்லை.

வாளி விஷயம். அது உண்மை. நான்தான் சொன்னேன். பெரிய வெள்ளியன்று பொய் எழுத மனசு வரவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு எனக்கு லீவ் சாங்ஷன் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் மேனேஜருடைய மேசை டிராயரில். டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார், "யார் ஐடியா?" சொல்லிவிட்டேன்.

ஆனால் உங்களுக்குத் தெரியாத மிச்சமும் இருக்கிறது. ஊருக்குப் போன குயா 2013-இல் கிராமத் தலைவருக்கு நின்றார். வீடு வீடாக ஒரு வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுக் கேட்டார். ஜெயித்தார். பிறகு கவுன்சிலர், இரண்டு முறை. பிறகு துணை மேயர். 2023-இல் இங்கே ஆட்களைப் பார்க்க வந்தபோது, அப்ரா படகுக்குக் காத்திருந்த இடத்தில் வைத்து அவரிடம் சொல்லி அழுதேன். அவர் முதுகில் ஒரு அடி அடித்து, "நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் சோனாப்பூரில் டியூப் லைட் மாற்றிக்கொண்டிருப்பேன்" என்று சிரித்தார். எனக்கு மன்னிப்பு அப்போதே கிடைத்துவிட்டது. உங்களிடமிருந்து எனக்கு அது தேவையில்லை.

இனி நான் கேட்கிறேன். காது மந்தம் என்று நீங்கள் ஃபோனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தானே பேசுவீர்கள்? பொங்கலன்று பக்கத்தில் யார் இருந்தார்கள்? இந்தக் கடிதம் எழுதுகிற பெண் யார்?

மரியராஜ்


சோஹார்
02.05.2025

மரியராஜுக்கு,

கஜந்தி உமது கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்து கடைசி வரியில் நின்றுவிட்டாள். வாசி என்றேன். வாசித்தாள். நல்ல கேள்வி என்றேன். எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்பு, அந்தத் தேசம் எந்தப் பக்கம் எண்டே எனக்குத் தெரியாது. நான் ஆரிட்டைப் போய்ச் சொல்ல? வெண்டைக்காய்க் கடைக்காரனிட்டையோ?"

"கோவிக்காதை பிள்ளை. எல்லாரையும் கேக்கவேணும்."

"கேளுங்கோ. ஆனால் எழுதுறதும் நான்தான், ஞாபகமிருக்கட்டும்."

அவள் ஜனவரி முழுக்க லீவில் வவுனியாவில் இருந்தாள். பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து முத்திரையைக் காட்டினாள். எனக்கு முத்திரை வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பொங்கலுக்கு நான் தனியாகப் பானை வைத்தது ஞாபகம். பால் இடப்பக்கம் பொங்கியது. பக்கத்தில் கபீலின் ஆடுகளைத் தவிர ஒருவரும் இல்லை. ஆகவே இவளை விட்டுவிட்டேன். வீரபாண்டியையும் கேட்டேன். அவனுக்கு நெஸ்டர் என்று ஒருவன் இருந்ததே தெரியாது.

வாளியை ஒத்துக்கொண்டீர். ஒத்துக்கொண்டதால் மற்றதையும் நம்பிவிடுவேன் என்று நினைக்கிறீர் போலிருக்கிறது. சின்னதைக் கொடுத்துப் பெரியதை மறைக்கிற ஆட்களை நான் இந்தப் பாலைவனத்தில் முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு முறை பெயர் சொன்ன வாய்.

நெஸ்டர் உம்மை மன்னித்தது அவனுடைய குணம். அவனை நாடு கடத்திய அன்று கேம்ப் வாசலில் கட்டுச்சோறு கொடுத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "தத்தாய், எல்லாருக்கும் தண்ணி வருதா?" அப்படிப்பட்டவனை ஏமாற்றப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை.

நீர் லிகாயாவோடு கதைக்கிறனீர்தானே? கேளும். அந்த வீட்டுக்குச் சாவுக்கு முந்தின நாட்களில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்டு எழுதும். உமக்குப் பயமில்லை என்றால்.

வல்லிபுரம்


பர் துபாய்
18.05.2025

அண்ணாச்சி,

இதை எழுத மூன்று தாள் கிழித்தேன்.

லிகாயா ஜெயித்துவிட்டாள். குயாவுக்குப் பதிலாக அவள் நின்றாள். முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். இப்போது அவள்தான் மேயராக வரப்போகிறாள். வீடியோவில் பேசினேன். கறுப்பு உடுப்பில் இருந்தாள். பேச்சில் கொண்டாட்டம் எதுவும் இல்லை.

டிரைவர் டொமெங் லாக்கப்பில் இருக்கிறான். அன்றைக்குக் காலையில் அவன் கால் மணி நேரம் பிந்தி வந்தான். டயர் பஞ்சர் என்கிறான். வீடு தெரிந்தவன், பிந்தியும் வந்தவன், அவ்வளவுதான். வெற்றிக் கூட்டத்தில் லிகாயா மைக்கில், "என் புருஷனை விற்றவன் உள்ளே இருக்கிறான்" என்று சொல்லியிருக்கிறாள். ஊர்க்காரர்கள் அவன் வீட்டுக் கூரையில் கல் எறிகிறார்கள்.

நீங்கள் சொன்னபடி கேட்டேன். யார் வந்தார்கள்? ஒருவரும் வரவில்லை என்றாள். பிறகு, ஒரு பெட்டி மட்டும் வந்தது என்றாள்.

உங்களுக்குத் தெரியும், அவர்கள் ஊருக்கு அனுப்புகிற அந்தப் பெரிய அட்டைப் பெட்டி. இடுப்பு உயரம், சுற்றிச் சுற்றி டேப். மார்ச் பன்னிரண்டாம் தேதி கார்கோ வேன் அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது. வீடு தெரியாமல் முனையில் இருக்கிற கடையில் பெட்டியை இறக்கி வைத்து, குயாவுடைய முழுப் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார்கள். பெட்டியின் ஆறு பக்கத்திலும் மார்க்கரால் பெரிய எழுத்து. துணை மேயர் நெஸ்டர் பலிங்கித், இன்ன சின்னம்மா வீடு, தேவாலயத்துக்குப் பின்னால். தெருவே கூடி நின்று பார்த்ததாம். வெளிநாட்டுப் பெட்டி வந்தால் அவர்களுக்கு அது திருவிழா. அடுத்த புதன், சூசையப்பர் திருநாளன்று, சுட்டுவிட்டார்கள்.

லிகாயா அந்தப் பெட்டியைப் பெரிதாக எண்ணவில்லை. யாரோ ஆதரவாளர் அனுப்பியது என்று நினைக்கிறாள். அனுப்பியவர் என்ற இடத்தில் கார்கோ ஆபீஸ் பெயர் மட்டும்தான் இருந்ததாம். ஊர், சோஹார்.

அண்ணாச்சி, நான் இதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. கேட்க மட்டும் செய்கிறேன். நீங்கள் பெட்டி அனுப்பினீர்களா?

மரியராஜ்


சோஹார்
23.05.2025

மரியராஜுக்கு,

சோஹாரில் எத்தனையோ ஆயிரம் பிலிப்பினோக்கள். துறைமுகத்தில், ஆஸ்பத்திரியில், வீடுகளில். பெட்டி எல்லாரும்தான் அனுப்புவார்கள். நீர் இல்லாத பெட்டியை என் தலையில் ஏற்றப் பார்க்கிறீர். லிகாயா சொன்னாளா, நீர் சொல்ல வைத்தீரா என்று யாருக்குத் தெரியும்?

டொமெங் ஏன் பிந்தினான்? அதைக் கேளும்.

வல்லிபுரம்

(அப்பு சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். இதை நானாகச் சேர்க்கிறேன், அவருக்குத் தெரியாது. மூன்று நாளாகச் சாப்பாடு சரியில்லை. கஜந்தி.)


பர் துபாய்
01.06.2025

அண்ணாச்சி,

டொமெங் பிந்தியது பஞ்சராலேதான். டயர் ஒட்டின கடைக்காரன் வந்து சொல்லியிருக்கிறான். போலீஸ் கேட்கவில்லை. வீடு வேறு யாருக்கும் தெரியாது, அதனால் அவன்தான் என்கிறார்கள். அவனுடைய மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். வகுப்பில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். அவன் மனைவி லிகாயாவின் வாசலில் போய் முழங்காலில் நின்றிருக்கிறாள். கதவு திறக்கவில்லை.

பெட்டி அனுப்பியது யார் என்று நான் லிகாயாவிடம் சொல்லமாட்டேன். இனி ஒருவர் பெயரை என் வாயால் சொல்வதாக இல்லை. ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அது உங்களோடு இருக்கட்டும்.

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு எனக்குக் கோபம் இல்லை. அதில் நீங்கள் சொன்ன எதிலும் ஒரு நாளோ தேதியோ இல்லாததைப் பார்த்தேன். பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று சொல்கிற மனுஷன் நீங்கள்.

மரியராஜ்


சோஹார்
13.06.2025

மரியராஜ்,

ஜனவரி இருபத்திரண்டு, புதன்கிழமை. பெட்டி அனுப்பியது நான்.

கஜந்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை என்கிறேன்.

ஒளித்திருக்கிற மனுஷன் கடைக்குப் போகமாட்டான் என்று யோசித்தேன். பால்மா நாலு டின், பேரீச்சம்பழம், சவர்க்காரம், நாற்பத்தோராம் நம்பர் சப்பாத்து ஒரு சோடி. தூரத்தில் இருக்கிறவன் பெட்டி அனுப்பவேண்டும் என்பதை நான் அவனிடம்தான் பழகினேன். கேம்பில் அவன் பெட்டி கட்டும்போது மேலே ஏறி இருந்து அமுக்கியது நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கார்கோ ஆபீசில் ஒரு பிலிப்பினோப் பெட்டை இருந்தாள். "தத்தாய், அட்ரஸ் கொடு" என்றாள். தாள் இல்லை என்றேன். முழுவதையும் வாயால் சொன்னேன். வீடு, சின்னம்மாவின் பெயர், தேவாலயம், அதற்குப் பின்னால் எத்தனையாவது படலை, எல்லாம். அவள் வாயைப் பிளந்தாள். "எங்கட ஆக்களே இப்பிடிச் சொல்லமாட்டினம்" என்ற மாதிரிச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் மார்க்கரால் எழுத எழுத நான் நின்று பார்த்தேன். பார்த்தது மட்டுமில்லை. "துணை மேயர் என்றும் போடு" என்றேன். "பெரிசாகப் போடு" என்றேன். ஒரு பக்கத்தில் போட்டாள். மற்றப் பக்கங்களிலும் போடச் சொன்னவன் நான்.

மரியராஜ், நான் சொல்வது உனக்கு விளங்குமோ தெரியாது. நீங்கள் எல்லாரும் எழுத்தைக் கண்டவுடன் அது உங்களோடு பேசிவிடுகிறது. எனக்கு எழுபத்திரண்டு வயது வரைக்கும் எழுத்து தானாகப் பேசியது கிடையாது. யாராவது ஒருவர் எனக்கென்று உட்கார்ந்து வாசித்தால்தான் பேசும். நான் அந்தப் பெட்டையிடம் சொன்னேன், அவள் பெட்டியிடம் சொன்னாள், பெட்டி நெஸ்டரிடம் போய்ச் சொல்லும் என்றுதான் இருந்தேன். நடுவில் தெரு முழுக்க வாசிக்கும் என்று என் தலைக்கு எட்டவில்லை. எழுதத் தெரியாதவன் என்றுதான் அவன் என்னை நம்பினான்.

பெட்டியைப் பற்றிக் கேட்ட உன் கடிதம் வந்த அடுத்த நாள் கார்கோ ஆபீசுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அவளைச் சந்தேகப்பட்டுத்தான் போனேன். அவள்தான் யாருக்கோ சொல்லியிருக்கவேண்டும் என்று கத்தினேன். அவள் ரசீதுப் பிரதியை எடுத்து, விரல் வைத்து, சத்தமாக வாசித்தாள். பக்கத்தில் நின்ற பெங்காலி ஒருவன், அவனும் சும்மா எட்டிப் பார்த்து, அவளோடு சேர்ந்து வாசித்தான். அப்போதுதான் நான் கத்துவதை நிறுத்தினேன். அவள் கேட்டாள்: "தத்தாய், லேபிள் எல்லாரும் வாசிக்கத்தானே எழுதுறது?" இதுதான் நான் உனக்கு மூன்று வரியில் பொய் எழுதுவித்த நாளுக்கு முந்தின நாள் நடந்தது.

டொமெங்கின் மகளைப் பற்றி நீ எழுதிய கடிதத்துக்குப் பிறகு திரும்பவும் அவளிடம் போனேன். லிகாயாவுக்கு ஃபோன் போடச் சொன்னேன். நான் இந்தியில் சொல்லச் சொல்ல அவள் தங்கள் பாஷையில் சொன்னாள். பாதியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. லிகாயா ஒன்றுதான் கேட்டாள். துணை மேயர் என்று ஏன் எழுதினாய் என்று கேட்டாள். அவன் பெரிய ஆள், அதுதான் என்றேன். ஃபோனை வைத்துவிட்டாள்.

ஐந்து நாள் கழித்து அவளே கார்கோ ஆபீசுக்கு எடுத்திருக்கிறாள். டொமெங்கின் வக்கீல் ஒரு வாக்குமூலம் கேட்கிறாராம். வீடு எப்படி வெளியே தெரிந்தது என்று பெட்டி அனுப்பியவன் சொல்லவேண்டும். மஸ்கட்டில் அவர்களுடைய தூதரகத்தில் நேரில் போய்க் கைநாட்டு வைக்கவேண்டும். தாளை உன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதற்குள் வந்திருக்கும். கபீலிடம் சொன்னேன். "இந்த வயதில் உனக்கு எதற்கு இது, கலாஸ், விடு" என்றார். நான் விடவில்லை.

டொமெங்கையும் உன்னையும் ஒரே தராசில் போட்டு நிறுத்துப் பார்த்தேன். மூன்றாவது தட்டில் என்னைப் போடவே இல்லை. அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்த இடத்தில் கஜந்தி, "மன்னிப்பு எண்டு எழுதட்டோ அப்பு?" என்று கேட்கிறாள். வேண்டாம் என்கிறேன். அந்தச் சொல்லை ஒருவர் சொல்லிக்கொடுத்து எழுதுவது சரியில்லை. நேரில் பார்த்துச் சொல்கிறேன்.

தாள் இங்கிலீஷில் இருக்கும். இங்கே இங்கிலீஷ் வாசிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. கபீலின் மகன் வாசிப்பான். கார்கோப் பெட்டை வாசிப்பாள். அவர்கள் வேண்டாம். வருகிற வெள்ளி லீவு போட்டுக்கொண்டு நீ வா. வந்து என் முன்னால் இருந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துத் தமிழில் சொல். டொமெங் மேல் பிழை இல்லை, வீட்டைக் காட்டியது வல்லிபுரம் என்று அதில் இருக்கிறது என்று நீ சொன்னால் விரலை வைப்பேன். இன்னொருவரிடம் கொடுத்து வாசிப்பித்துப் பார்க்கமாட்டேன்.

வல்லிபுரம்